சௌந்தரம் வீட்டுச் சாரணன்

'சாரணர் அறுவர்' தொடர்படத்தில் ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகம் தொடங்கும்வரை அந்தச் சாரணர்களை ஊர்க்காரர்கள்தான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீனலோசனி டாக்கீஸில் அப்படித்தான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மேட்னி முடிந்ததும் திரையில் ஓர் ஏணியைச் சாத்துவார்கள். ஆறு பையன்களும் வரிசையாக இறங்கி வருவார்கள். கடைசியில் நாயைத் தூக்கி இறக்குவார்கள். வில்லன் கருடாசலம் மட்டும் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் சொந்தச் செலவில் தங்கிக்கொள்வார். தங்கமான மனுஷன் என்று லாட்ஜில் அவருக்குப் பெயர்.

அந்த ஞாயிறு, பாகம் மலை உச்சியில் முடிந்திருந்தது. ஆறு பேரும் ஒரே கயிற்றில் தொங்கினார்கள். கீழே அருவி. மேலே கருடாசலம் கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். பாதி அறுப்பதற்குள் 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். பையன்கள் கையை உதறிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

நாய்க்குத்தான் போட்டி பலமாக இருந்தது. சௌந்தரம் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவதாகத் தொங்கியவனின் கையைப் பிடித்து நேராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"பேரு மதிவாணனாம்" என்றாள் தன் மகன் பூமிநாதனிடம். "நீ கொஞ்சம் தள்ளிப் படுத்துக்க."

"எவ்வளவு தள்ளி?"

"அவன் தூங்குற அளவுக்கு."

பூமிநாதன் சௌந்தரத்தின் ஒரே மகன். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான் என்று அவன் சொல்லிக்கொள்வான். முடிக்கவில்லை என்று புள்ளியியல் தாள் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா லாரி ஓட்டுபவர். அவர் வரும் நாள் பார்த்து வீடு வேறு தெருவுக்குப் போய்விடும். அதனால் அவர் வருவதில்லை.

மதிவாணன் கறுப்பு வெள்ளையில் இருந்தான். அரை டிராயர், விசில், கழுத்தில் துண்டு, மடிப்புக் கலையாத தலைமுடி. வாய் அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வரும். அவன் தட்டில் விழுந்ததும் சாம்பாரும் சாம்பல் நிறமாகிவிடும்.

"அன்னையே! தங்கள் திருக்கரத்தால் பரிமாறிய உணவு தேவாமிர்தம்!" என்றான்.

சௌந்தரம் கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த வீட்டில் அதுவரை சாம்பாரைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்த ஒரே கருத்து 'உப்பு' என்பதுதான். அதைச் சொன்னவன் பூமிநாதன்.

"கேட்டியாடா?" என்றாள்.

"கேட்டேன். லிப் சேரல."

பழைய பிரிண்ட் என்பதால் மதிவாணன்மேல் எந்நேரமும் மெல்லிய கோடுகள் மழைபோல விழுந்துகொண்டிருந்தன. அதனால் தரை நனையவில்லை. அவன் சட்டைகூட நனையவில்லை. ஆனாலும் சௌந்தரம் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால்கூட விடவில்லை.

பூமிநாதன் குழாயடிக்குப் போய்த் தலையை நீட்டினான். நன்றாக நனைந்து சொட்டச் சொட்ட வந்து அவள் எதிரே நின்றான்.

"தரையெல்லாம் ஈரம் பண்ணாதடா எரும" என்றாள்.

அன்றிலிருந்து பூமிநாதனின் கட்டில் குறையத் தொடங்கியது. முதலில் கால் விரல்கள் மட்டும் வெளியே நின்றன. பிறகு பாதம். அம்மாவிடம் சொன்னான். வந்து பார்த்தாள்.

"நீ வளர்ற" என்றாள்.

"இருபத்தி ரெண்டு வயசுல யாரும்மா வளர்றா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

சாரணர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தினமும் ஒரு நற்செயல் செய்தாக வேண்டும். காலையில் எழுந்ததும் கழுத்துத் துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். நற்செயல் முடிந்தால்தான் அவிழ்ப்பார்கள். மற்ற வீட்டுச் சாரணர்கள் பல் விளக்குவதற்குள் ஒரு பூனைக்குப் பால் ஊற்றிவிட்டு முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். மதிவாணன் அப்படியல்ல. அவிழ்த்த கையோடு அடுத்த முடிச்சைப் போட்டான்.

அவன் தண்ணீர் பிடித்தான். மாவாட்டினான். பரணில் ஏறி ஒட்டடை அடித்தான். காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, போர்க்களத்தில் தோழனைத் தூக்கி வந்தவன் மாதிரி ஒரு முழங்காலை ஊன்றி இறக்கி வைத்தான். தெருவில் வயசானவர்கள் எல்லாரையும் கைப்பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தான். இப்போது அவர்கள் எல்லாரும் எதிர்ச்சாரியில் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு இந்தச் சாரியைப் பார்த்துக் கையசைத்தார்கள். வீட்டுக்காரர்களும் கையசைத்தார்கள்.

புதன்கிழமை, பூமிநாதனின் புள்ளியியல் தாளையும் எழுதிவிட்டு வந்தான். மதியமே ரிசல்ட் வந்தது. பாஸ்.

"சகோதரா, தங்கள் துயர் தீர்ந்தது!" என்று முடிச்சை அவிழ்த்தான்.

பூமிநாதனுக்கு வயிறு எரிந்தது. அந்தத் தாள் பாக்கியிருந்தவரை அம்மா அவனை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நினைத்துத் திட்டுவாள். காலையில் திட்ட மறந்தால் சாயங்காலம் ஞாபகம் வைத்துக்கொண்டு திட்டுவாள். அவள் மனசில் அவனுக்கென்று இருந்த ஒரே இடம் அது. அதையும் இந்த அரை டிராயர் பாஸ் பண்ணிவிட்டது.

"அம்மா, நான் பாஸ்" என்று சொல்லிப் பார்த்தான்.

"நீ எங்க பாஸு? புள்ள எழுதுச்சு." மதிவாணனுக்குத் திருஷ்டி கழிக்க அடுப்பில் மிளகாயைப் போட்டாள். கமறவே இல்லை. "பாத்தியா, அம்புட்டுக் கண்ணு" என்றாள். பார்க்கும்போது பூமிநாதனைத்தான் பார்த்தாள்.

அவன் கண்தான். அதில் பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சனியன் ஒழியும் என்று பூமிநாதன் காத்திருந்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறொன்று காதில் விழுந்தது. சௌந்தரம் மதிவாணனுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஒரு நற்செயல் பண்ணிட்டுக் கெளம்பணும், என்ன சாமி? கடேசி நாளு. பெருசாப் பண்ணு. நான் நெனச்சு நெனச்சுப் பாக்குற மாதிரி."

"ஆகட்டும் அன்னையே! காலமெல்லாம் தங்கள் கண்ணில் நிற்கும்படி ஒன்று செய்வேன்!"

காலமெல்லாம். பூமிநாதனின் கட்டில் அப்போதே ஸ்டூல் அளவுக்கு வந்துவிட்டது. அவன் அதில் உட்கார்ந்து யோசித்தான். இவன் போனாலும் போக மாட்டான். வீட்டில் ஒரு நல்ல காரியத்தைச் சிலை மாதிரி நிறுத்தி வைத்துவிட்டுப் போவான். அம்மா தினமும் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். செய்ய விடக்கூடாது. செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பூமிநாதன் எழுந்தான். வாழ்க்கையில் முதல் தடவை. சூரியன் அவனைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. வாசல் தெளித்தான். கோலம் போட்டான், அது புள்ளியியல் வரைபடம் மாதிரி வந்தது. தண்ணீர் பிடித்தான். துணி துவைத்தான். மிக்ஸியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பால் வாங்கி, காய்ச்சி, ஆற்றி வைத்தான். தெருவுக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்ற வயசானவர்கள் எல்லாரையும் இந்தச் சாரிக்குத் திரும்பக் கொண்டுவந்து அவரவர் வீட்டில் சேர்த்தான். "ரொம்ப நாளாச்சுப்பா, வீட்டு மாப்பிள்ளை யாருன்னே மறந்துபோச்சு" என்றார் ஒருவர்.

மதிவாணன் எழுந்தான். துண்டில் முடிச்சுப் போட்டான். விளக்குமாற்றைத் தேடினான். பெருக்கியாயிற்று. குடத்தைத் தூக்கினான். நிறைந்திருந்தது. தெருவுக்கு ஓடினான். ரோட்டைக் கடக்க ஆள் இல்லை. ஒரு பூனை குறுக்கே வந்தது. பால் குடித்து வயிறு உப்பிப்போய் இருந்தது.

மேட்னிக்கு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மதிவாணன் நடுக்கூடத்தில் நின்றான். முடிச்சு அப்படியே இருந்தது.

"அன்னையே! முடிச்சோடு ஒரு சாரணன் திரைக்குள் நுழைய முடியாது."

பூமிநாதனுக்கு இது தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். பொறாமையில் விசாரிக்காமல் விட்டுவிட்டான்.

"நுழைய முடியாதுன்னா?"

"இங்கேயே இருக்க வேண்டியதுதான் சகோதரா."

சௌந்தரத்தின் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. தீபாவளி போனஸ் வந்த தினத்தில்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை. "அதுக்கென்ன சாமி, இருந்துட்டுப் போ" என்றாள்.

 பூமிநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவைக் கீழே போட்டான்.

"அடடா, பேனா விழுந்துருச்சே. யாராச்சும் எடுத்துக் குடுங்களேன்."

மதிவாணன் பார்த்தான். எடுக்கவில்லை. "அது தேவை அல்ல சகோதரா, தந்திரம். மெய்யான குறையைத்தான் ஒரு சாரணன் தீர்க்க முடியும்."

"எனக்குத் தலவலி."

"இல்லை."

"பசி."

"இப்போதுதானே ஏழு இட்லி தின்றீர்கள்?"

மதிவாணன் அருகில் வந்தான். அவன்மேல் விழுந்த கோடுகள் கொஞ்ச நேரம் நின்றன. முதல் தடவையாக வாயும் குரலும் சேர்ந்து வந்தன.

"தங்களுக்கு ஒரு குறை இருக்கிறது. எனக்குத் தெரியும். தாங்கள் வாய் திறந்து கேளுங்கள். நான் தீர்த்துவிட்டு, முடிச்சை அவிழ்த்துவிட்டு, இந்தக் கணமே போய்விடுகிறேன்."

பூமிநாதன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கம்மாவை எனக்குத் திருப்பிக் குடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரே வரி. வாயைத் திறந்தான். இருபத்தி ரெண்டு வயசுக்காரன், அரை டிராயர் போட்ட ஒரு பையனிடம், அம்மாவை எதிரே வைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்ல" என்றான்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. டாக்கீஸ் மேனேஜர் அழகுமலை. காலை ஊன்றியபடியே பேசினார்.

"அஞ்சு பேரு வந்தாச்சு. கயித்துல மூணாவது எடம் காலியா இருக்கு. கருடாசலம் அண்ணன் கத்தியத் தீட்டிட்டு நிக்கிறாரு. எங்கம்மா உங்க ஆளு?"

"புள்ளைக்கு முடிச்சு அவுரலைங்க" என்றாள் சௌந்தரம்.

"அப்ப அந்த வீட்டு ஆளு ஒருத்தர் தொங்கணும். தெரியும்ல?"

"தெரியும்." சௌந்தரம் திரும்பினாள். "டேய், போயித் தொங்கிட்டு வா."

"நானா?"

"அவன் சின்னப் புள்ளடா. நீ வீட்ல சும்மாதான இருக்க."

"கயிறு பாதி அறுந்துருக்கும்மா!"

"பாதிதான?"

டாக்கீஸில் கூட்டம் அள்ளியது. பூமிநாதன் வாசலிலிருந்து திரையை நோக்கி நடந்தான். இருக்கைகளுக்கு நடுவே இருந்த வழி நீண்டுகொண்டே போனது. சேர், பெஞ்சு, தரை எல்லாம் தாண்டினான். வழியில் ஒரு டீக்கடை இருந்தது. நின்று ஒரு டீ குடித்தான். "தொங்கவா போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆமா." "கை வழுக்காம இருக்கும், சக்கரை தூக்கலாப் போட்டிருக்கேன்" என்றார். ஏணி அதற்கப்புறம்தான் வந்தது.

ஏறியதும் அவன் நீலச் சட்டை சாம்பல் நிறமாகி, பிறகு சாரணர் சட்டையானது. பேண்ட் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. கயிற்றைப் பிடித்தான். மேலே இரண்டு பேர், கீழே மூன்று பேர்.

"லேட்டு" என்றான் கீழே இருந்த குண்டுப் பையன்.

மேலிருந்து கருடாசலம் எட்டிப் பார்த்தார். பெரிய மீசை. அதற்கும் மேலே பெரிய புருவம்.

"தம்பி புதுசா?"

"ஆமாண்ணே."

"பயப்படாத. மெதுவாத்தான் அறுப்பேன். வீட்லருந்து யாரும் வந்துருக்காங்களா?"

"அம்மா வந்துருக்காங்க. மூணாவது வரிச."

கருடாசலம் கத்தியை நெற்றியில் வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். "பக்கத்துல யாரு, நம்ம மதிவாணனா? உங்கம்மா அவனுக்கு முறுக்கு ஒடச்சுக் குடுக்குறாங்க போலயே."

"ஒடச்சா குடுக்குறாங்க?"

"ஆமா. சின்னச் சின்னதா."

பூமிநாதன் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணே, சீக்கிரம் அறுங்கண்ணே."

"அது தப்பு தம்பி. நான் கதைக்கு அறுக்குறவன். பொறாமைக்கு அறுக்க மாட்டேன்."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவனுக்கு எங்கே கேட்டாலும் தெரிகிற குரல்.

"நல்லாப் புடி, விட்றாத!"

பூமிநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒற்றைக் கையால் தொங்கினான். இன்னொரு கையால் குண்டுப் பையனையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தான். தியேட்டரே கைதட்டியது. கண்ணைத் திறந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தான். சௌந்தரம் மதிவாணனின் பக்கம் குனிந்து, அவன் மடியிலிருந்து நழுவவிருந்த முறுக்கு டப்பாவை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நாய் வேறொரு கயிறு கொண்டுவந்தது. எல்லாரும் தப்பித்தார்கள். தப்பித்துப் போய்ப் புதைமணலில் விழுந்தார்கள். மணல் இடுப்பு வரைக்கும் வந்தபோது 'தொடரும்' வந்தது. ஏணி சாத்தினார்கள்.

பூமிநாதன் இறங்கிச் சட்டையைப் பார்த்தான். நீலம் திரும்பவில்லை. தலைக்கு மேலே கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. வரிசையில் மூன்றாவதாக நிற்கச் சொன்னார்கள். நின்றான்.

சௌந்தரம் மதிவாணனின் கையைப் பிடித்தபடி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கத்திரிக்காய் பார்ப்பதுபோல ஒவ்வொருவனையும் பார்த்தாள். பூமிநாதனின் முன்னால் நின்றாள்.

"அம்மா" என்றான் அவன். வாய்தான் 'அம்மா' என்றது. கொஞ்சம் கழித்துக் குரல் வந்தது. "அன்னையே!"

"எல்லாம் இப்படித்தான் கூப்புடுதுக, பாவம்" என்றாள் அழகுமலையிடம். பூமிநாதனின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "இது என்ன, எலும்பும் தோலுமா இருக்கு? இவன் ஆத்தாகாரி சோறே போட மாட்டாளா?"

"கூட்டிட்டுப் போறீங்களாம்மா?"

"எங்க வீட்ல ஆளு இருக்கே. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அவர்கள் போய்விட்டார்கள். மதிவாணன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் அரை டிராயருக்குக் கீழே, கணுக்காலில் கொஞ்சம் மாநிறம் வந்திருந்தது.

பூமிநாதனை அமலோற்பவம் டீச்சர் கூட்டிப் போனார். சௌந்தரத்தின் அடுத்த வீடு அவர்களுடையது. நடுவில் மார்பளவுச் சுவர். "உசரமா இருக்கான். ஃபேன் தொடைக்க ஆகும்" என்றார் டீச்சர். அவருக்கு ஜெரால்டு என்று ஒரு மகன் இருந்தான். நான்கு தாள் பாக்கி. சோபாவில் படுத்திருந்தவன், பூமிநாதன் உள்ளே வந்ததும் எழுந்து உட்கார்ந்தான். சோபா கொஞ்சம் சுருங்கியது.

"எத்தன நாளைக்கு?" என்றான் ஜெரால்டு.

"தெரியாது சகோதரா" என்றான் பூமிநாதன்.

டீச்சர் மீன் குழம்பு ஊற்றினார். அது சாம்பல் நிறமானது. முதலில் பூமிநாதனின் வாய் 'உப்பு' என்றுதான் அசைந்தது. கொஞ்சம் கழித்துக் குரல் வந்தபோது அது 'தேவாமிர்தம்' ஆகியிருந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெரால்டு தட்டை நகர்த்தினான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

மறுநாள் காலை பூமிநாதன் துண்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். டீச்சர் வீட்டுக் கிணறு சுவரை ஒட்டித்தான் இருந்தது. அந்தப் பக்கம் அம்மா துணி காயப்போடுவது இந்த நேரம்தான். அவனுக்குத் தெரியும். இறைக்க ஆரம்பித்தான். தொட்டி நிறைந்தது. அண்டா நிறைந்தது. குடங்களைத் துலக்கிச் சுவர்மேல் வரிசையாக, பளபளவென்று, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி கவிழ்த்தான். தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டான். ஒவ்வொரு வாளிக்கும் "ஹூம்" என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கொடிக்கயிறு ஆடுவது நின்றது. ஈரச் சேலைக்கு மேலே அம்மாவின் தலை தெரிந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவன் வாளியை விடவில்லை.

பிறகு அவள் உள்ளே திரும்பி, மடிப்புக் கலைந்த தலைமுடியோடு கூடத்தில் படுத்துக் கிடந்தவனைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் மதிவாணா, எந்திரிச்சு வந்து பாருடா இங்க! பக்கத்து வீட்டுப் புள்ள விடியக்காலம் எப்புடி வேல செய்யுதுன்னு. அதுவும் ஒரு புள்ளதான? நீயும் இருக்கியே!"

பூமிநாதன் இன்னொரு வாளி இறைத்தான். ஊற்ற இடமில்லை. காலில் ஊற்றிக்கொண்டான்.